நிலமே முதற்பொருள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. அதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிறருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆயினும் தன் தலை ஒருமுறை இடிபட்ட பிறகுதான் பழமொழியின் பொருள் ஒருவனுக்கு முழுமையாக விளங்குகிறது. எனக்கு அது விளங்கிய கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் நம் மன்றத்துத் தோழர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணினியில் ரயிலோட்டும் விளையாட்டை உங்களுள் பலர் அறிவீர்கள். அவ்விளையாட்டில் ஈடுபடுவோர் இரு வகையினர். பிறர் அமைத்துத் தந்த பாதையில் வண்டியோட்டி மகிழ்வோர் ஒரு வகையினர். தாமே நிலம் திருத்தி, தண்டவாளம் இட்டு, மரமும் மனையும் நிறுத்தி, ஒரு புதிய பாதையை உண்டாக்குவோர் மற்றொரு வகையினர். நான் இரண்டாம் வகையில் சேர ஆசைப்பட்டேன். 2001இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர் என்னும் விளையாட்டின் முறையைத் தழுவி, ஓப்பன் ரெயில்ஸ் என்னும் இலவச மென்பொருள் இன்று வழங்குகிறது. அதைக் கொண்டு தாணே முதல் திவா வரை உள்ள பாதையை அமைக்கத் தொடங்கினேன். கல்வா, மும்ப்ரா என்னும் இரு நிலையங்களை இடையில் கொண்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்.

இதைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து புறப்பட்ட நாட்டின் முதல் பயணிகள் வண்டி, 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு 34 கிலோமீட்டர் ஓடிவந்து நின்ற ஊர் நம் தாணே. அடுத்த ஆண்டே பாதை கழியைக் கடந்து கல்யாண் வரை நீண்டது. வரலாறு இரண்டாம் அடி எடுத்துவைத்த நிலம் இது என்பது முதற் காரணம். இரண்டாம் காரணம் என் தந்தையார். நெல்லைச் சீமையிலிருந்து வந்த அவர், தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். நாங்கள் தாணேக்குக் குடிவருமுன் திவாவில் இருந்தோம். 1998 முதல் 2017 வரை 19 ஆண்டுகள் அவர் நாள்தோறும் திவாவில் வண்டியேறிச் சயானில் இறங்கினார். அவர் நின்றுகொண்டே கடந்த வழியை, அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒருமுறை காட்டவேண்டும் என்று எண்ணினேன்.

தலைகீழாய்த் தொடங்கிய வேலை

விடுமுறை முழுதும் உழைத்தேன். மும்ப்ரா நிலையத்தின் கூரைக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. தேநீர்க்கடை, விளம்பரப் பலகை, வேலியோரத்துச் செடி, மேம்பாலத்துப் படிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நிலத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வான்வெளியிலிருந்து அளந்த உயரக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது; அதைக் கணினியில் இறக்கினால் நிலம் தானே வந்துவிடுகிறது. வந்த நிலத்தின்மேல் பாயை விரிப்பதுபோலத் தண்டவாளத்தை விரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவை அழைத்து உட்காரவைத்தேன்.

தாணேயிலிருந்து வண்டி புறப்பட்டது. பாலம் கடந்து கல்வாவும் கடந்தது. கழியின் ஓரமாகச் செல்லும்போது வண்டி திணறத் தொடங்கியது, பிறகு நின்றேவிட்டது. சமதரையாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குன்று ஏறிக்கொண்டிருந்தது. நான் வெட்கத்தை மறைத்துக்கொண்டு விரைவுப் பாதைக்கு மாறினேன். அங்கே பார்சிக் சுரங்கம் இருக்கவேண்டும். சுரங்கத்தைக் காணவில்லை, மலை உச்சி முதல் அடி வரை வாளால் பிளந்ததுபோல் இரண்டாகக் கிடந்தது. வண்டி அப்பிளவின் நடுவே போயிற்று.

“ஏல, மலைய எதுக்கு ரெண்டாப் பொளந்து வச்சிருக்க?” என்றார் அப்பா. சற்று நேரம் பார்த்துவிட்டு, “மும்ப்ராவுக்கு முன்னால இடப்பக்கம் தண்ணி தெரியணுமே, அது எங்க?” என்றும் கேட்டார்.

நான் ஒரு வாரம் பாடுபட்ட நிலையக் கூரையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் மலையையும் நீரையும்தான். அன்றிரவே நிலத்தைச் செப்பனிட முற்பட்டேன். ஓரிடத்தில் தரையைத் தாழ்த்தினேன். தேநீர்க்கடை அந்தரத்தில் தொங்கியது. மற்றோரிடத்தில் தரையை உயர்த்தினேன்; மரங்கள் கழுத்தளவு புதைந்தன. நிலம் அசைந்தால் அதன்மேல் வைத்த பொருள்கள் தாமாக அசைவதில்லை. ஆகவே செய்ததனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

முதல், கரு, உரி

அழித்த மறுநாள் தமிழ் வகுப்பில் அகப்பொருள் இலக்கணம் நடந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பகுப்பு, அன்றுதான் ஒரு வேலைத்திட்டமாக என் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் செய்த பிழை என்ன? கருப்பொருளிலிருந்து தொடங்கியதே பிழை. மரத்தை நட்டுவிட்டு நிலத்தைத் தேடினேன். தொல்காப்பியர் வகுத்த வரிசையை ரயில் விளையாட்டுக்கு வைத்துப் பாருங்கள். முதலில் நிலமும் பொழுதும். பிறகு மரமும் மனையும். இறுதியில் வண்டியும் மக்களும். இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும். மாறாவிட்டால் ஒவ்வொன்றும் முந்தியதன்மேல் உறுதியாக நிற்கும். இனி அந்த வரிசைப்படியே காண்போம்.

பொழுதைத் தேர்தல்

நிலம் என்றதும் பொழுதையும் உடன்சேர்த்துச் சொன்னது ஏன் என்பது பாதை அமைப்பவனுக்கு உடனே புரிந்துவிடும். எந்த ஆண்டின் நிலம்? எந்த மாதத்தின் நிலம்? எந்த வேளையின் நிலம்? இவற்றை முடிவு செய்யாமல் ஒரு பிடி மண்ணையும் அசைக்கக் கூடாது.

1916க்கு முன் பார்சிக் சுரங்கம் திறக்கப்படவில்லை. வண்டிகள் யாவும் மலையைச் சுற்றியே சென்றன. 1916 முதல் சுரங்க வழியும் சுற்றுவழியும் சேர்ந்து வழங்குகின்றன. 2022இல் தாணேக்கும் திவாவுக்கும் இடையே மேலும் இரு தண்டவாளங்கள் திறக்கப்பட்டன. ஆகவே 1915ஐக் காட்டும் பாதையும், 2003ஐக் காட்டும் பாதையும், இன்றைய பாதையும் மூன்று வேறு நிலங்கள். நான் பிறப்பதற்கு முந்தின ஆண்டாகிய 2003ஐத் தேர்ந்தேன்; அப்பா பயணம் செய்துகொண்டிருந்த காலம் அது. மாதம் ஆடி, வேளை காலை.

மாதத்தைத் தேர்ந்ததும் பல ஐயங்கள் நீங்கிவிடுகின்றன. வைகாசியில் பழுப்பேறிக் கிடக்கும் மலை, ஆடியில் பச்சைப் போர்வை போர்த்து நிற்கும். தாணேக் கழியைத் தேடிப் பூநாரைகள் கூட்டமாக வருவது பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களில்தான். முதல் முயற்சியில் ஆடி மழையின் நடுவே பூநாரைகளை நிறுத்தி வைத்திருந்தேன்! பொழுது அறியாதவன் கருப்பொருளில் தடுமாறுவான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உயரத்தை அளந்தவர் யார்?

இனி நிலத்துக்கு வருவோம். நம் நாட்டின் நிலத்தை நுட்பமாக அளக்கும் பெருவேலை, 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பறங்கிமலை அருகே லாம்டன் என்பவர் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அதன்மேல் முக்கோணத்துக்கு முக்கோணம் அடுக்கிக்கொண்டே இமயம் வரை சென்றார்கள்.

அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 2000 பிப்ரவரி 11 முதல் 22 வரை, எண்டவர் என்னும் விண்வெளி ஓடம் ரேடார் கதிர்களை வீசி உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. நம் விளையாட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது அந்த அளவுதான். ஒரு விகலைக்கு ஓர் அளவு என்ற கணக்கில் அது கிடைக்கிறது. பாகையை அறுபதாகப் பகுத்தால் கலை. கலையை அறுபதாகப் பகுத்தால் விகலை. தாணே இருக்கும் இடத்தில் ஒரு விகலை என்பது வடக்குத் தெற்காக 31 மீட்டர், கிழக்கு மேற்காக 29 மீட்டர் அளவில் அமையும்.

விளையாட்டின் நிலமோ இதைவிட நெருக்கமான வலை. 2048 மீட்டர் நீள அகலமுள்ள சதுரங்களாக நிலம் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி. பக்கத்துக்கு 256 வீதம் 65,536 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம். இப்போது கணக்குப் பாருங்கள். விண்ணிலிருந்து வந்த ஓர் அளவு மூடும் பரப்பில் விளையாட்டின் புள்ளிகள் ஏறத்தாழ 14 அடங்குகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே உண்மை அளவு உண்டு. மற்றப் பதின்மூன்றும் இடைப்பட்ட ஊகம். வரைபடம் வழவழப்பாகத் தோன்றுவதைக் கண்டு, அது துல்லியமானது என்று மயங்கக் கூடாது.

வேறு இரு குறைகளையும் சொல்லவேண்டும். அளவின் பிழை 90 விழுக்காட்டு இடங்களில் 16 மீட்டருக்குள் அடங்கவேண்டும் என்பதே அத்திட்டத்தின் குறிக்கோள். பல இடங்களில் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனால் தண்டவாளத்துக்கு 5 மீட்டர்ப் பிழையும் பெரும் பிழை. இரண்டாவது, ரேடார் வெறுந்தரையை மட்டும் காண்பதில்லை. மரத்தின் தலையையும் கட்டடத்தின் கூரையையும் சேர்த்துக் காண்கிறது. கழியோரத்துக் கண்டற்காட்டின் தலையைத் தரை என்று எண்ணி அது உயரம் குறித்திருந்தது. நான் அக்குறிப்பை நம்பித் தண்டவாளம் விரித்தேன். 120 மீட்டர்த் தொலைவில் 5 மீட்டர் ஏற்றம்! அதாவது 24க்கு 1.

இது எத்தகைய ஏற்றம் என்பதை உணரப் போர்க்கணவாயை நினைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் ஜான் பெர்க்லி என்னும் தலைமைப் பொறியாளரின் திட்டப்படி 1863இல் முடிந்த அந்த மலைப்பாதை, 16 மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் 1,831 அடி ஏறுகிறது. அங்கும் மிகச் செங்குத்தான ஏற்றம் 37க்கு 1தான். அதற்கே வண்டியின் பின்னால் தள்ளுவதற்குத் தனி எஞ்சின்கள் வேண்டியிருக்கின்றன. நானோ கழிக்கரையில் போர்க்கணவாயைவிடக் கடுமையான மலையேற்றத்தை உண்டாக்கிவிட்டேன். வண்டி நின்றதில் வியப்பென்ன?

பாதை முதலில், மண் பிறகு

இங்கேதான் இக்கட்டுரையின் உயிரான பாடம் இருக்கிறது. தண்டவாளத்தை நிலத்துக்கு இசையச் செய்யாதீர்கள். நிலத்தைத் தண்டவாளத்துக்கு இசையச் செய்யுங்கள். உண்மைப் பொறியாளர்கள் செய்ததும் அதுவே. மேடு வந்தால் வெட்டினார்கள். பள்ளம் வந்தால் வெட்டிய மண்ணைக் கொட்டிக் கரையெழுப்பினார்கள். இருப்புப்பாதை என்பது நிலத்தின்மேல் கிடக்கும் இரும்பு மட்டுமன்று. வெட்டும் கொட்டும் சேர்ந்து உண்டாக்கிய புதியதொரு நிலமே அது.

ஆகவே தண்டவாளத்தின் ஏற்ற இறக்கத்தை முதலில் தனியே முடிவு செய்யவேண்டும். அதை எங்கே அறிவது? பாதையோரத்தில் சிறு பலகைகள் நடப்பட்டிருக்கும். எத்தனைக்கு ஒன்று ஏறுகிறது, எங்கே சமமாகிறது என்று அவற்றில் எழுதியிருக்கும். சன்னலோர இருக்கை கிடைத்த நாட்களில் அவற்றைக் குறித்துக்கொண்டேன். நில அளவைத் துறையின் 50,000க்கு 1 என்ற அளவுள்ள வரைபடங்களும் உதவின. அவற்றில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். மலையின் உருவத்தைச் சரிபார்க்க அது போதும். பாதையின் கரை எவ்வளவு உயரம் என்பதைச் சுரங்க நடைவழிகளின் படிக்கட்டுகளை எண்ணிக் கணித்தேன். தண்டவாளத்தில் இறங்கி அளக்க யாரும் முற்படவேண்டா. அது சட்டத்துக்கும் பகை, உயிருக்கும் பகை.

தண்டவாளம் முடிவான பிறகு மண்ணைக் கொண்டுவருகிறோம். மண்கரையின் சரிவு, உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு என்ற அளவில் இருப்பது பொது வழக்கம். 4 மீட்டர் உயரமுள்ள கரையின் சரிவு பக்கத்துக்கு 8 மீட்டர் பரவும். நம் வலையில் அது சரியாக ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி. ஆதலால் தண்டவாளத்தை ஒட்டிய புள்ளிகளைப் பாதையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, அவற்றுக்கு அடுத்த புள்ளிகளைப் பழைய தரை மட்டத்தில் விட்டால், கரை இயல்பாக அமைந்துவிடும். ‘சற்றுக் கீழே’ என்பதை மறவாதீர்கள். நிலத்தைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கே உயர்த்தினால் ஜல்லியின் மேல் மண் பிதுங்கித் தெரியும்.

வெட்டுக்களில் ஒரு சங்கடம் உண்டு. தாணேயைச் சுற்றியுள்ள மலைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த கரும்பாறை. அப்பாறையை வெட்டினால் சுவர்போல் நிற்கும். எட்டு மீட்டர் வலையால் சுவரை உண்டாக்க முடியாது. எவ்வளவு முயன்றாலும் சரிவுதான் வரும். அங்கே நிலத்தைச் சற்று விலக்கி நிறுத்தி, பாறைச்சுவரைத் தனிப் பொருளாகச் செய்து பொருத்தவேண்டும். டிரெயின்ஸ் என்னும் வேறொரு விளையாட்டில் 10 மீட்டர் வலையும் 5 மீட்டர் வலையும் உண்டு. 5 மீட்டர் வலையிலும் இதே சங்கடம்தான். கருவியின் எல்லையை அறிந்து வேலை செய்வதும் கல்வியில் ஒரு பகுதியன்றோ?

கழியும் மலையும்

நீரைப் பற்றிச் சில சொற்கள். விளையாட்டில் நீரை ஊற்ற முடியாது. சதுரத்துக்கு ஒரு நீர்மட்டம் குறிக்கிறோம். நிலம் எங்கே அம்மட்டத்துக்குக் கீழே தாழ்கிறதோ அங்கே நீர் தெரியும். ஆகவே கழியை அமைப்பது என்பது நீரை அமைப்பதன்று. நீருக்கு அடியில் உள்ள நிலத்தை அமைப்பது. எந்த மட்டத்தைக் குறிப்பது? மும்பைக் கடலில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு சில நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். காலையில் நீர் ததும்பும் கழி மாலையில் சேற்றுவெளியாகக் கிடக்கும். இங்கும் பொழுதே வந்து நிற்பதைக் காண்க. நான் உயர் ஓதத்தைக் குறித்துக்கொண்டு, கண்டற்காடு என்று கணினி காட்டிய பொய்மேட்டை 5 மீட்டர் தாழ்த்தினேன். உடனே கழி வெளிப்பட்டது. அப்பா கேட்ட தண்ணீர் அந்தப் பொய்மேட்டுக்குப் பின்னால் மறைந்துதான் கிடந்தது!

மலைக்கு வருவோம். விளையாட்டின் நிலம் ஒரு துணியைப் போன்றது. துணியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். மடித்துக் குகை செய்ய முடியாது. ஒரு புள்ளிக்கு ஓர் உயரந்தான் உண்டு. நான் என்ன செய்தேன்? கரையெழுப்பும்போது பயன்பட்ட கட்டளையைச் சுரங்கத்திலும் பயன்படுத்தினேன். ‘நிலமே, தண்டவாளத்தின் மட்டத்துக்கு வா’ என்றேன். நிலம் சொன்னபடி கேட்டது, மலை பிளந்தது.

சரியான முறை இது. ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள பார்சிக் சுரங்கத்தின் மேலே மலையைத் தொடவே கூடாது. இரு வாயில்களிலும் மட்டும் துணியில் சிறு துளையிடுவதுபோல் ஓரிரு கட்டங்களை மறைத்துவிடவேண்டும். துளையின் ஓரம் தெரியாதபடி வாயிலின் கல்முகப்பைத் தனிப் பொருளாகச் செய்து நிறுத்தவேண்டும். உள்ளே சுரங்கத்தின் குழாயும் ஒரு தனிப் பொருளே. வாயிலுக்கு முன்னுள்ள வெட்டை மட்டும் கவனமாகச் செதுக்கினால், வண்டி மலைக்குள் புகுவதாகக் கண் நம்பிவிடும்.

மலையின் உருவத்திலும் ஓர் எச்சரிக்கை. பல்லாவரம், பறங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளைக் கண்டு வளர்ந்தவர்கள் மலை என்றதும் உருண்டை வடிவத்தையே நினைப்பார்கள். இங்குள்ள மலைகள் அடுக்குப் பாறையால் ஆனவை. பக்கங்கள் படிக்கட்டுப்போல் இறங்கும், உச்சி பல இடங்களில் மேசைபோல் தட்டையாக இருக்கும். உயரக் கணக்கில் முட்கள்போல் துருத்தும் பிழைகளை நீக்குவதற்காக மென்மையாக்கும் கருவியை மிகுதியாகப் பயன்படுத்தினால் இந்தப் படிக்கட்டுகள் மழுங்கிவிடும். மழுங்கிய மலை எந்த ஊர் மலையாகவும் இருக்கலாம். பார்சிக் மலையாக இராது.

உழைப்பை எங்கே செலவிடுவது?

நான் எடுத்துக்கொண்ட பகுதிக்கு 12 சதுரங்கள் வேண்டியிருந்தன. 7,86,432 புள்ளிகள்! அத்தனையையும் கையால் திருத்த ஓர் ஆயுள் போதாது. ஆனால் பாதைக்கு இருபுறமும் 50 மீட்டர் வரை உள்ள பட்டையை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 14,000 புள்ளிகளே வருகின்றன. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கைவேலை முழுவதையும் அந்தப் பட்டையில் செலவிடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கரையும் வெட்டும் கண்ணருகே விரைந்து ஓடும்போது அவற்றிலுள்ள சிறு பிழையும் உறுத்தும்.

அடுத்து உழைக்கவேண்டிய இடம் தொடுவானம். தொலைமலை நெடுநேரம் கண்ணைவிட்டு அகலாது. ஆதலால் அதன் விளிம்புக்கோடு சரியாக இருக்கவேண்டும். அதற்கு விண்ணளவே பெரும்பாலும் போதும். பொய்முட்களை மட்டும் நீக்கினால் சரி. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள பரப்பை மரமும் வீடும் மறைத்துக்கொள்ளும். அங்கே மண்ணைச் செதுக்குவது வீண்வேலை.

வளைவு

இரண்டாம் முறை வேலை முடிய மாதங்கள் பல ஆயின. நிலம் முடிந்த பிறகுதான் மரம் நட்டேன். மரம் முடிந்த பிறகுதான் நிலையம் கட்டினேன். பழைய நிலையக் கூரையை மீண்டும் எடுத்து வைத்தபோது அது தரையில் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது.

2025 ஜூன் 9 அன்று காலை, மும்ப்ரா அருகே அந்த வளைவில், எதிரெதிரே சென்ற நெரிசல் மிகுந்த இரண்டு மின்வண்டிகளின் வாயிற்படிகளில் நின்றவர்கள் கீழே விழுந்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள். அச்செய்தியை இந்நகரத்தில் அறியாதவர் இல்லை. விபத்தின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலை அன்று. அன்று மாலை பட்டறையிலிருந்து வந்த அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த எடத்தப் போட்டுக் காட்டு” என்றார்.

கணினியைத் திறந்தேன். கல்வாவைக் கடந்து வண்டி கிழக்கு நோக்கிச் சென்றது. இடப்பக்கம் கழி ததும்பியது. வலப்பக்கம் மலை நெருங்கி வந்தது. “இங்கதான் கம்பிய இறுக்கிப் பிடிப்போம். புது ஆளுன்னா, ‘பிடிச்சுக்கோ’ன்னு யாராச்சும் சத்தம் போடுவாங்க” என்றார். வண்டியை நிறுத்திவிட்டு, பார்வையை மேலே உயர்த்தி, பறவை பார்ப்பதுபோல் நிலம் முழுவதையும் காட்டினேன். மலையின் மூக்கு கழியை நோக்கி நீண்டிருந்தது. மலைக்கும் நீருக்கும் இடையே எஞ்சிய சிறு விளிம்பில் பாதை வளைந்து கிடந்தது. மலையைத் துளைக்காத வரையில், நேராகப் போக அதற்கு வழியில்லை. 1854இல் மலையைச் சுற்றினார்கள், 1916இல்தான் பார்சிக் சுரங்கம் திறக்கப்பட்டது, சுற்றுவழி வளைவோடு நின்றுவிட்டது.

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பத்தொம்பது வருசம் இதுல போயிருக்கேன். இங்க ஏன் வளையுதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார்.

தோழர்களே, நாம் நாள்தோறும் ஒரு நிலத்தின்மேல் ஓடுகிறோம். கூட்டத்தின் நடுவே நின்று பயணம் செய்பவனுக்கு நிலம் தெரிவதில்லை; முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிகிறது. விளையாட்டுக்காக மண்ணை ஏற்றி இறக்கியபோதுதான், நம்மைச் சுமந்து செல்லும் பாதை ஏன் இப்படிப் போகிறது என்பதை நான் அறிந்தேன். விருப்பமுள்ளவர்கள் ஒரு சிறு பகுதியை எடுத்துச் செய்து பாருங்கள். மாடுங்காவிலிருந்து தாதர் வரையானாலும் சரி, செம்பூரிலிருந்து மான்கூர்ட் வரையானாலும் சரி. முதலில் பொழுதைக் குறியுங்கள். அடுத்து நிலத்தைத் திருத்துங்கள். நிலையத்துக் கூரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும், அவ்வழியில் பல ஆண்டு பயணம் செய்த ஒருவரை அழைத்து உட்காரவையுங்கள். தவறு எங்கே இருக்கிறது என்று அவர் காட்டிவிடுவார்.